காயத்தை மறைக்காதிருங்கள்



பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்து வாழ்கிற நம்முடைய குடும்பங்களில் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டால், மருத்துவமனை வாசலில் நம்மை முதலாவது பற்றிக்கொள்கிற பயம் எது? அநேக வேளைகளில் அது காயத்தைக் குறித்த பயம் அல்ல, “இது போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ?” என்கிற பயமே. அந்தப் பயத்தினால், சாரத்திலிருந்து விழுந்தவரைப் “படிக்கட்டில் வழுக்கி விழுந்தார்” என்கிறோம். அடிபட்ட மகளைக் “குளியலறையில் விழுந்துவிட்டாள்” என்கிறோம். அந்த ஒரு வாக்கியம் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னாளில் எவ்வளவு கண்ணீர் விட்டாலும் அதை மாற்றுவது மிகவும் அரிது.

பலத்த காயங்களை மருத்துவர் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்கிற ஒழுங்கு ஏன் ஏற்பட்டது? அது யாருக்குப் பாதுகாப்பு? திருமலை அடிவாரத்திலுள்ள திருப்பதியிலும் சித்தூர்ப் பக்கங்களிலும் நடந்த காரியங்களைக் கொண்டே இதைச் சிந்திப்போம். அங்கே விடுதிகளிலும் உணவகங்களிலும் கட்டட வேலைகளிலும் நம் தமிழ் ஜனங்கள் அநேகர் உண்டு. சபைகளும் உண்டு.

திருப்பதியில் ஒரு மாலை

2025 ஜனவரி 8ஆம் தேதி. வைகுண்ட ஏகாதசி தரிசனத்திற்கான டோக்கன் பெறுவதற்காகத் திருப்பதி நகரில் ஏற்படுத்தப்பட்டிருந்த மையங்களில் ஜனங்கள் பெருந்திரளாய்க் கூடியிருந்தார்கள். பைராகிப்பட்டெடா என்னும் இடத்தில் நெரிசல் ஏற்பட்டு, பெண்களும் முதியோரும் மிதிபட்டார்கள். 6 பேர் மாண்டுபோனார்கள். அவர்களில் சேலத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு. காயமடைந்தவர்கள் ரூயா என்று வழங்கப்படுகிற அரசு பொது மருத்துவமனைக்கும், ஸ்விம்ஸ் மருத்துவமனைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்கள் எந்த மார்க்கத்தார் என்பது இங்கே கேள்வியல்ல. அவர்கள் தேவசாயலில் உண்டாக்கப்பட்ட மனிதர்கள்.

அந்த இரவில் மருத்துவமனைகளில் நடந்த ஒரு வேலையைப் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. ஒவ்வொருவருடைய பெயரும், ஊரும், காயத்தின் தன்மையும், கொண்டுவரப்பட்ட நேரமும் பதிவாயின. பின்பு ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு உதவித்தொகையை அறிவித்தபோது, இறந்தவர்களின் குடும்பத்திற்கு 25 லட்சம், கடுங்காயமடைந்த இருவருக்கு 5 லட்சம், மற்ற 33 பேருக்கு 2 லட்சம் என்று பிரித்துச் சொன்னார். யாருக்குக் கடுங்காயம், யாருக்கு இலேசான காயம் என்று பிரிப்பதற்கு மருத்துவர் எழுதின எழுத்தையன்றி வேறு ஆதாரம் ஏது? நடந்தது எப்படி என்று ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணையும் நியமிக்கப்பட்டது. அப்படிப்பட்ட விசாரணைக்கும் அந்தப் பதிவேடே அடிப்படை.

பெருங்கூட்டத்தில் அடிபட்டவரின் காயத்தை மறைக்க யாராலும் முடியாது. தனியாய் அடிபடுகிறவருடைய காயத்தை மறைப்பதோ எளிது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

எம்.எல்.சி. என்றால் என்ன?

காயத்தைப் பரிசோதிக்கிற மருத்துவர், இதற்குக் காரணம் என்னவென்று சட்டப்படி விசாரிக்கப்பட வேண்டும் என்று கருதினால், அதை எம்.எல்.சி., அதாவது மருத்துவ-சட்ட வழக்கு என்று பதிவு செய்கிறார். சாலை விபத்து, வேலைத்தல விபத்து, அடிதடி, வெட்டுக்காயம், தீக்காயம், விஷம், பாலியல் வன்கொடுமை, சுயநினைவின்றிக் கொண்டுவரப்பட்டவர் ஆகியவை இதில் அடங்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதையே “ஏ.ஆர். போடுவது” என்பார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுதுவது என்பது அதன் பொருள்.

அந்தப் பதிவில் வந்த நேரம், அழைத்து வந்தவர் பெயர், காயம் எப்படி ஏற்பட்டதாகச் சொல்லப்பட்டது, காயத்தின் நீளம் அகலம், உடலின் அங்க அடையாளங்கள் ஆகியவை எழுதப்படும். காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்பப்படும். பெரிய மருத்துவமனைகளில் புறக்காவல் நிலையமே உள்ளே இருக்கும். எம்.எல்.சி. போடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவர் மருத்துவர். நோயாளியோ, உறவினரோ, முதலாளியோ அல்ல.

எது கடுங்காயம் என்பதற்கும் சட்டத்தில் அளவு உண்டு. கண்பார்வை அல்லது செவிப்புலன் நிரந்தரமாய்ப் போவது, அங்கம் இழப்பது, முகம் நிரந்தரமாய்ச் சிதைவது, எலும்போ பல்லோ முறிவது, உயிருக்கு ஆபத்தான காயம் ஆகியவை அதில் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, 15 நாட்கள் கடும் வேதனை அனுபவித்தாலும், தன் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமற்போனாலும் அதுவும் கடுங்காயமே. பழைய சட்டத்தில் இது 20 நாளாக இருந்தது.

அறிவிப்பது காவல்துறைக்கு மாத்திரம் என்றும் எண்ணவேண்டாம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஊரில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே அந்த ஊர் மருத்துவமனையில் விஷமுறிவு மருந்தை வைக்க முடியும்! எண்ணிக்கையில் வராத காயத்திற்கு மருந்தும் வராது.

சிகிச்சை முந்தியது, காகிதம் பிந்தியது

“போலீஸ் வந்தால்தான் தொடுவோம்” என்று மருத்துவமனைகள் சொன்ன காலம் இருந்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவர் கார் மோதி விழுந்தார். அருகிலிருந்த மருத்துவமனை, இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்று சொல்லி, சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே மரித்தார். செய்தித்தாளில் இதை வாசித்த பரமானந்த் கட்டாரா என்பவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1989 ஆகஸ்டு 28இல் தீர்ப்பு வந்தது: உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற்கடமை, சட்ட நடைமுறைகள் அதற்குத் தடையாகக் கூடாது, இது அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் பொருந்தும்.

ஆகவே, பிரியமானவர்களே, “முதலில் காவல் நிலையம் போய்விட்டு வாருங்கள்” என்று யாராவது சொன்னால், அது சட்டமல்ல. முதலுதவி உடனே தரப்பட வேண்டும். தகவல் அனுப்புவது மருத்துவமனையின் வேலை.

எரிகோ சாலையும் மலைச்சாலையும்

ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம் (லூக்கா 10:30-37). அந்தச் சமாரியன் காயங்களைக் கட்டினதோடு நிற்கவில்லை. அடிபட்டவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றிச் சத்திரத்திற்குக் கொண்டுபோனான். பொறுப்புள்ள ஒருவனிடம் ஒப்படைத்தான். செலவுக்குக் கணக்குச் சொன்னான், திரும்பி வருவதாகவும் சொன்னான். விலகிப்போன இருவரும் என்ன நினைத்திருப்பார்கள்? “நமக்கு ஏன் வம்பு?” என்று நினைத்திருக்கலாம் அல்லவா?

2022 மார்ச் 26 இரவில், திருமண நிச்சயதார்த்தத்திற்காகத் தர்மவரத்திலிருந்து திருப்பதிக்குக் குடும்பமாய் வந்துகொண்டிருந்தவர்களின் பேருந்து, பாக்கராபேட்டை மலைச்சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. இருட்டில் அது வெளியே தெரியவில்லை. அவ்வழியே சென்றவர்கள் அலறல் சத்தத்தைக் கேட்டுத் தகவல் சொன்னார்கள். காயமடைந்தவர்கள் ரூயா மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வாகனத்தை நிறுத்தித் தகவல் சொன்னவர்களால் உயிர் தப்பினவர்கள் உண்டு.

இன்று அப்படிச் செய்கிறவருக்குச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 2016இல் உச்சநீதிமன்றம் கொடுத்த உத்தரவும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவும், 2020 செப்டம்பரில் வெளியான விதிகளும் இதைத் தெளிவாக்குகின்றன. காயமடைந்தவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் தம் பெயரையோ முகவரியையோ சொல்ல வேண்டுமென்று கட்டாயமில்லை. அவரை நிறுத்திவைக்கக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது. அவர் சாட்சி சொல்வது அவருடைய விருப்பம். உயிரைக் காத்தவருக்கு மத்திய அரசு 25,000 ரூபாய் வரை வெகுமதியும் வைத்திருக்கிறது.

வாகனம் ஓட்டுகிற சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வாகனத்தால் ஒருவர் காயமடைந்தால், கூட்டத்தின் கோபத்தால் இயலாமற்போனாலொழிய, அவரை மருத்துவரிடம் கொண்டுபோவது உங்கள் கடமை. 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் உங்கள் கடமை. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. ஓடிப்போவது குற்றத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

இன்னும் ஒன்று. 2025 மே 5இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு விபத்து நாள் முதல் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணமின்றிச் சிகிச்சை உண்டு. ஆனால் அது சாலை விபத்துதான் என்று காவல்துறை உறுதிசெய்ய வேண்டும். மோதிவிட்டு நிற்காமல் போன வாகனமானால், இறந்தவர் குடும்பத்திற்கு 2 லட்சமும் கடுங்காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் பெற வழியுண்டு. அதற்கும் பதிவு வேண்டும். மறைத்தவருக்கு இவை ஒன்றும் கிடையாது.

எல்லை தாண்டின காயம்

சித்தூரில் அடிபட்டவரை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவருவது நெடுங்கால வழக்கம். சம்பவம் ஆந்திராவில், சிகிச்சை தமிழ்நாட்டில். “இது எங்கள் எல்லை அல்ல” என்று காவல் நிலையத்தில் சொன்னால் என்ன செய்வது?

நியாயப்பிரமாணத்தில் இதற்கு ஒத்த ஒரு காரியம் எழுதப்பட்டிருக்கிறது (உபாகமம் 21:1-9). வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடந்து, கொன்றவன் இன்னானென்று தெரியாதிருந்தால், மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டுப்போய், சுற்றிலுமுள்ள பட்டணங்கள் வரைக்கும் தூரத்தை அளக்க வேண்டும். எந்தப் பட்டணம் சமீபமோ அந்தப் பட்டணத்து மூப்பர் பொறுப்பேற்க வேண்டும். யாருடைய எல்லை என்று தெரியவில்லை என்பதற்காக ஒரு மனிதனுடைய இரத்தம் கேட்பாரற்றுப் போகக் கூடாது என்பதே தேவனுடைய சித்தம்.

இன்றைய சட்டமும் அவ்விதமே சொல்லுகிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இதை ஜீரோ எப்.ஐ.ஆர். என்பார்கள். அது பின்பு உரிய நிலையத்திற்கு மாற்றப்படும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாய்ப் பெறுவது உங்கள் உரிமை.

மொழியைக் குறித்தும் கவனமாயிருங்கள். நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கங்களில் தமிழ் செல்லுபடியாகும். மற்ற இடங்களில் தெலுங்கில் எழுதுவார்கள். தெரியாத மொழியில் எழுதின புகாரில், அதை வாசித்துப் பொருள் சொல்லச் செய்யாமல் கையெழுத்திடாதிருங்கள். தெலுங்கு அறிந்த சபையார் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அது அன்றைக்கு நீங்கள் செய்யும் பெரிய ஊழியமாயிருக்கும்.

வேலைத்தலத்தில்

கட்டட வேலையில் ஒருவர் இரண்டாம் மாடியிலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேஸ்திரி அவரை ஆட்டோவில் ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோகிறார். “வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொல், செலவையெல்லாம் முதலாளி பார்த்துக்கொள்வார்” என்று காதில் சொல்லுகிறார். முதல் வாரம் பணம் வருகிறது. இரண்டாம் வாரம் குறைகிறது. இரண்டு மாதம் கழிந்து, கை மடங்காது என்று தெரிகிறபோது மேஸ்திரியின் தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருக்கிறது, எடுப்பார் இல்லை. இழப்பீடு கேட்டுப் போனால், “உம்முடைய மருத்துவச் சீட்டிலேயே வீட்டில் விழுந்ததாக எழுதியிருக்கிறதே” என்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். இப்படித் திரும்பின குடும்பங்களை அறியாத சபை நகரங்களில் உண்டோ?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, வேலைத்தல விபத்தில் ஒருவர் இறந்தாலோ, காயத்தினால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமற்போனாலோ, நிறுவனத்தார் அதை உரிய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். முன்னிருந்த தொழிற்சாலைச் சட்டத்திலும் இந்த 48 மணி நேர அளவே இருந்தது. இது முதலாளியின் தயவு அல்ல, கடமை.

ஒருவன் மற்றொருவனைக் காயப்படுத்தினால், அவன் வேலை செய்யாதிருந்த நாட்களுக்கும் ஈடு கொடுத்து, அவனை நன்றாய்க் குணமாக்குவிக்கவும் வேண்டும் என்று மோசேயின் நாட்களிலேயே கட்டளையிருந்தது (யாத்திராகமம் 21:18,19). சிகிச்சைச் செலவு வேறு, இழந்த கூலி வேறு. இரண்டும் காயமடைந்தவனுக்குரியவை.

வீட்டுக்குள்ளே

நான்கு சுவருக்குள் நடக்கிறதைக் குறித்துச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. “ஸ்டவ் வெடித்தது” என்று கொண்டுவரப்படுகிற இளம்பெண்ணின் தீக்காயம், “விழுந்தாள்” என்று சொல்லப்படுகிற மனைவியின் முறிந்த கை, குழந்தையின் உடலிலுள்ள தழும்பு ஆகியவற்றை மருத்துவர் எழுதி வைக்காவிட்டால், அடுத்த காயம் அதைவிடப் பெரியதாயிருக்கும். திருமணமாகி 7 ஆண்டுகளுக்குள் ஒரு பெண் சந்தேகத்திற்கிடமாய் இறந்தால், நிர்வாக நடுவரே விசாரிக்கும்படி சட்டம் ஒழுங்கு செய்திருக்கிறது.

பாலியல் வன்கொடுமைக்கோ ஆசிட் வீச்சுக்கோ ஆளானவருக்கு எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, இலவசமாய் உடனே சிகிச்சை கொடுத்துக் காவல்துறைக்கும் அறிவிக்க வேண்டும். சிறுபிள்ளைகள் விஷயத்தில் கடமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தும் தெரிவிக்காதவருக்குப் போக்சோ சட்டத்தின்கீழ் 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. போதகரும், ஞாயிறு பள்ளி ஆசிரியரும், விடுதி நடத்துகிறவரும் இதற்கு விலக்கல்ல. “சபைக்கு அவமானம் வரும்” என்று மூடுகிறவர்கள் பிள்ளையை விட்டுச் சபையின் பெயரைக் காக்கிறார்கள். கண்டும் அறிந்தும் அறிவிக்காதிருக்கிற சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்பது வேதத்தின் போதனை (லேவியராகமம் 5:1).

விஷம் குடித்தவரைக் கொண்டுவருகிறவர்கள், வழக்குக்குப் பயந்து “ஏதோ ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிட்டுவிட்டார்” என்கிறார்கள். அருமையானவர்களே, எது குடித்தார் என்று தெரியாவிட்டால் மருத்துவர் எந்த மருந்தைக் கொடுப்பார்? புட்டியையோ அட்டையையோ கையோடு கொண்டுபோங்கள். 2018 முதல் நடைமுறையிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவரைத் தண்டிக்க அல்ல, கவனித்துக் காக்கவே சொல்லுகிறது. மனம் சோர்ந்தவர்கள் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாய்ப் பேசலாம்.

விசுவாசி காவல் நிலையம் போகலாமா?

சகோதரர் சகோதரர்மேல் வழக்காடலாகாது என்று பவுல் எழுதினாரே (1 கொரிந்தியர் 6) என்று சிலர் கேட்பார்கள். அங்கே பவுல் கண்டிக்கிறது, சபையார் உலகக் காரியங்களுக்காக ஒருவரையொருவர் வஞ்சித்து வழக்காடினதையே. உயிருக்கு ஆபத்து வந்தபோது அதே பவுல் என்ன செய்தார்? தம்மைக் கொல்ல நாற்பது பேருக்கு மேற்பட்டோர் சபதம் பண்ணியிருக்கிறார்கள் என்று தம் சகோதரியின் மகன் வந்து சொன்னபோது, அந்த வாலிபனைச் சேனாபதியினிடத்திற்கு அனுப்பினார் (அப்போஸ்தலர் 23:12-24). அவன் அறிவித்தபடியால் அப்போஸ்தலனுடைய உயிர் காக்கப்பட்டது. ஜெபித்தார், அதிகாரிக்கும் அறிவித்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல.

மன்னிப்பு உங்கள் இருதயத்தில் நடக்கிற கிருபையின் காரியம். காயத்தைப் பதிவு செய்வது உண்மைக்குரிய காரியம். மன்னிக்கிறவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அடித்தவரை மன்னிக்கும்படி ஆலோசனை சொல்லுகிற போதகர், முதலில் காயமடைந்தவரை மருத்துவமனையில் சேர்க்கட்டும்.

இவைகளை மறவாதிருங்கள்

ஆபத்து நேரத்தில் 108ஐ அழையுங்கள். இந்த ஆம்புலன்ஸ் சேவை ஆந்திராவில் 2005 ஆகஸ்டு 15இலும், தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலும் தொடங்கியது. காவல் உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். வேறொருவர் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லாதிருங்கள்.

எம்.எல்.சி. அல்லது ஏ.ஆர். எண்ணையும், தேதியையும், காவல் நிலையத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். காயச் சான்றிதழுக்கும் இழப்பீட்டிற்கும் இது தேவைப்படும்.

இரத்தம் தோய்ந்த உடையைத் துவைத்துவிடாதிருங்கள். மருத்துவர் கேட்டால் ஒப்படையுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீதுகளை ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள்.

வாசகரே, ஊர் பேர் தெரியாத பட்டணத்தில் நம் ஏழைச் சகோதரனுக்கு ஆஸ்தியில்லை, சிபாரிசு சொல்வாரில்லை. அவன் காயப்படும்போது, அன்று உண்மையாய் எழுதப்பட்ட ஒரு பக்கம் மாத்திரமே அவனுக்காகப் பின்னாளில் பேசும். அந்தப் பக்கத்தைப் பயத்தினால் பொய்யாக்கிவிடாதிருப்போம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் உங்கள் சபையாரோடும், உங்கள் தெருவில் வசிக்கிற தொழிலாளிகளோடும் இதைப் பேசுங்கள். காயங்கட்டுகிறவராகிய கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, உண்மையைப் பேசும் தைரியத்தை உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.